மாமனாரும் நானும், நடுவில் ஒரு குதிரையும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று. மற்றவர்கள் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொள்ளும் இந்தச் சின்ன விஷயத்தின் முதல் பாடத்தை நான் ஏற்காட்டு மலைப்பாதையில், ஒரு குதிரையின் மூச்சு முகத்தில் அடிக்க, “மாரியாத்தா, இந்த ஒரு தடவை காப்பாத்து, இனிமேல் வாயே திறக்க மாட்டேன்” என்று கும்பிட்டபடி படித்தேன். (காப்பாற்றினாள். வாயைத்தான் நான் மூடவில்லை. அது எனக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு.)

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட முடியவில்லை. நான் சேலத்துக்காரி. அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். என்னைக் கட்டிக் கொடுத்தது ஏற்காட்டு மலைமேல் நாகலூர்ப் பக்கம், சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் வைத்திருந்த வீட்டில். வீட்டில் மாமனார், என் கணவர், மாமனாரின் அக்கா. மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டு நிர்வாகம் முழுக்க அந்த அக்காவின் கையில். என் கணவருக்கு அத்தை, அதனால் எனக்கும் அத்தை. என்னோடு சேர்த்து இந்த நாலு பேர் போக ஐந்தாவதாக ஓர் ஆள் உண்டு. அவள் பெயர் பவுனு. மாமனாரின் பெண் குதிரை.

தோட்டத்தை விற்றுவிட்டுப் போன ஒரு துரையிடமிருந்து மாமனார் வாங்கிய குதிரை அது. பழுப்பில் மஞ்சள் ஓடிய நிறம் என்பதால் பவுனு. காலையில் அதன் மேலேறி அவர் தோட்டத்தைச் சுற்றிவந்தால்தான் எங்கள் வீட்டில் விடிந்ததாகக் கணக்கு. அந்தப் பவுனு, நான் அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்த அதே வாரத்தில் பின்னங்காலை நொண்ட ஆரம்பித்தது.

சொல்ல வேண்டுமா? “புது மருமக வந்த நேரம்” என்று அத்தை தொடங்கிவிட்டார். காப்பிப் பழம் பறிக்க வரும் பெண்களிடம் சொன்னார். பால்காரரிடம் சொன்னார். நான் காதில் விழாததுபோல் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன். ராத்திரி தலையணை நனையும். இரண்டு மாதப் பெண்டாட்டி, ஒரு குதிரையின் காலுக்கு எப்படி ஜவாப் சொல்வாள்? குதிரை பிழைத்தால் நான் பிழைத்தேன், அதற்கு ஏதாவது ஆனால் ஆயுசுக்கும் நான் ராசி கெட்டவள். என் நிலைமை அவ்வளவுதான்.

பவுனுவை லாரியில் ஏற்றிச் சேலத்துக்கு வைத்தியத்துக்குக் கொண்டுபோனார்கள். இறக்கும்போது உயரத்திலிருந்து தடுமாறி, இருந்த பிசகு இன்னும் மோசமாகிவிட்டது. அங்கேயே சில வாரம் வைத்துப் பார்த்த மாட்டு டாக்டர் மாமனாரை நிற்கவைத்துத் திட்டினார். “இனி லாரியில ஏத்துனீங்கன்னா குதிரைய மறந்துருங்க. மலை ஏறி நடக்கவும் விடக் கூடாது. தாழ்வா ஒரு டிரெய்லர் வாங்கி ஜீப்புல மாட்டி இழுத்துட்டுப் போங்க. மாசாமாசம் எங்கிட்டக் காட்டவும் அதுதான் வசதி” என்றார்.

ஜீப் இருந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜீப். டிரெய்லர்தான் இல்லை. அதுவும் குதிரை ஏற்றும் டிரெய்லர் என்றால் எது நல்லது, எதைப் பார்த்து வாங்குவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவும் மகனும் கூடத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தக் கதவு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மாமனாருக்கும் மருமகளுக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. அவர் எதிரில் நான் உட்காரக் கூடாது. அவர் வந்தால் எழுந்து ஒதுங்க வேண்டும். அவருக்குக் காப்பி வேண்டுமென்றால் மகனைப் பார்த்து, “காப்பி வந்தாத் தேவலை” என்பார். நானும் கணவரிடம்தான், “பால் காயுதுன்னு சொல்லுங்க” என்பேன். மூன்று பேரும் ஒரே அறையில் இருப்போம். என் கணவர் இரண்டு பக்கத்துக்கும் தபால்காரர் வேலை பார்ப்பார். அவர் வெளியே போய்விட்டால் மாமனாருக்குக் காப்பி இல்லை.

அன்றைக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். “ஏனுங்க, எங்கப்பா பட்டறையில நான் பாக்காத வண்டியாங்க? டிரெய்லர் நான் பாத்துச் சொல்றேனுங்க.”

கணவர் அதைக் கூடத்தில் ஒப்பித்தார். பிறகு மாமனாரின் குரல் கேட்டது. “அவிய அப்பாவையே கூப்பிட்டா என்னன்னு கேளு.”

அப்பா அப்போது பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார். தைப்பூசம் முடிந்துதான் வருவார். அவர் வரும்வரை காத்திருக்கலாம் என்று சொல்லியிருந்தால் என் கதை சுபமாக முடிந்திருக்கும். நானோ, “அப்பா எதுக்குங்க? எனக்கே தெரியுமுங்க” என்றேன். ராசி கெட்டவள் என்ற பேரை ஒரே அடியில் துடைத்துவிடும் அவசரம் எனக்கு.

எனக்குப் பட்டறையில் என்ன தெரியும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோவேன். லாரியின் பின்பலகையில் தாமரைக்கு ரோஸ் அடிப்பதா சிவப்பு அடிப்பதா என்று பெயின்டர் கேட்டால் ரோஸ் என்பேன். இவ்வளவுதான் என் தொழில் அனுபவம்.

சேலத்தில் பழைய ராணுவச் சாமான்களையும் ஏலத்தில் எடுத்த வண்டிகளையும் போட்டு விற்கும் ஒரு காயலான் கிடங்கு இருந்தது. அங்கே இரண்டு குதிரை டிரெய்லர்கள் நின்றன. ஒன்று குட்டையாக, அகலமாக, பச்சைப் பெயின்ட் உரிந்து, பார்க்கவே அழுகை வரும்போல் இருந்தது. இன்னொன்று, அடடா! நீளமாக, வளைந்த கூரையோடு, பக்கத்துக்கு ஒரு ஜன்னலோடு நின்றது. பந்தயக் குதிரை ஏறிய வண்டி என்றார் கிடங்குக்காரர். உள்ளே குறுக்கே மார்பு உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் குதிரை நிற்கும். முன்னால் தீவனம் வைக்க ஒரு சின்ன அறை, அதற்குத் தனியாக ஒரு கதவு. பின்கதவைக் கீழே சாய்த்தால் அதுவே குதிரை ஏறும் சரிவுப் பலகை. எனக்கு மனசு அங்கேயே போய்விட்டது.

ஆனால் உடனே சொன்னால் மரியாதை இருக்காதே! அப்பா செய்வதையெல்லாம் செய்தேன். பலகையை விரல் கணுவால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். (என்ன கேட்டது? தட்டிய சத்தம் கேட்டது.) டயரை உதைத்தேன். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அங்கே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதுவும் நானும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுந்து, “ம்” என்றேன்.

“அம்மாவுக்குத் தொழில் ரத்தத்துலயே ஊறியிருக்குதுங்க” என்றார் கிடங்குக்காரர். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மாமனார் மகனைப் பார்த்து, “எது தேவலைன்னு கேட்டுச் சொல்லு” என்றார்.

“பெருசுதானுங்க. அத்தனையும் தேக்கு. நல்லா இழைச்ச வேலை. அந்தக் குட்டை வண்டிய யாராச்சும் வாங்குவாங்களா?” என்றேன்.

மாமனார் முதன்முதலாக நானிருந்த பக்கம் திரும்பி, எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். எங்கள் வீட்டு வழக்கப்படி அது பெரிய பாராட்டு. நான் வானத்தில் மிதந்தேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து பவுனுவை ஏற்றினோம். சரிவுப் பலகையில் அது பதவிசாக ஏறி நின்றது. மாமனார் அதன் முதுகில் சாக்கைப் போர்த்தி, கயிற்றைத் தடுப்பில் கட்டினார். ஜீப்பைக் கணவர் ஓட்ட, மாமனார் முன்னால், நான் பின் சீட்டில். அடிவாரம்வரை ஒரு குறையும் இல்லை. ஏற்றம் தொடங்கி முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியதும் ஜீப்பின் பின்பக்கம் லேசாகத் தூக்கியது. இரண்டாவதில் நன்றாகவே தூக்கியது. பின்சக்கரங்கள் தரையில் படுவதும் படாததுமாகச் சுற்றி, வண்டியின் வால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. 

கணவர் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “பின்பாரமுங்கப்பா! பின்னால பாரம் அமுக்குது, முன்னால கொக்கி தூக்குது!”

மாட்டு வண்டியில் ஒரு தடவை ஏறியவர்களுக்கும் தெரிந்த சங்கதி இது. பின்னால் நாலு பேர் உட்கார்ந்தால் நுகத்தடி மேலே தூக்கும். வண்டிக்காரர், “முன்னால வாங்க, பின்பாரமா இருக்குது” என்று அதட்டுவார். நான் வாங்கிய அழகு ரதத்தில் சக்கரம் நடுவுக்கும் முன்னால் தள்ளி இருந்தது. குதிரை முழுக்கச் சக்கரத்துக்குப் பின்னால். அந்த அசிங்கமான குட்டை வண்டியில் சக்கரம் சரியான இடத்தில் இருந்ததை, கிடங்கில் என் கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை. லாரியில் மூட்டையை எங்கே வேண்டுமானாலும் தள்ளி அடுக்கலாம். குதிரையை எங்கே தள்ளுவது? தடுப்பின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. நொண்டிக் காலோடு அதை நடுமலையில் இறக்கவும் முடியாது. அகலமில்லாத அந்தப் பாதையில் டிரெய்லரோடு திரும்பவும் வழியில்லை.

“தீவன அறையில கல்லைப் போடலாமுங்கப்பா” என்றார் கணவர்.

“தடுப்புக்கு அடியில சந்து இருக்குதல்ல? கல்லு உருண்டு அது கால்ல உழுந்தா? ஆள்தான் நிக்கோணும். நான் ஏறுறேன்” என்றார் மாமனார்.

அவர் ஏறினார். கொக்கி அசையவில்லை. அவர் உடம்பு அப்படி, காற்றடித்தால் பிடித்து வைக்க வேண்டும். கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. நான் அப்போதே தாராளமான உடம்புக்காரி. போய் ஏறினேன். கொக்கி மெதுவாகக் கீழே இறங்கி உட்கார்ந்தது. கணவர் கதவை வெளியிலிருந்து தாழ்போட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

யோசித்துப் பாருங்கள். எதிரில் உட்காரவே கூடாத மாமனார். அவருக்கும் எனக்கும் நடுவில், தடுப்புக்கு மேலாக நீண்டிருக்கும் ஒரு குதிரைத் தலை. முழங்கால் இடிக்கும் அறை. நிற்கவும் முடியாமல், உட்காரவும் கூடாமல், நான் அரைகுறையாகக் குந்தியிருந்தேன். வண்டி கிளம்பியது. ஜன்னலில் முதலில் மரம் தெரிந்தது. அப்புறம் மரத்தின் உச்சி தெரிந்தது. அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் ஆகாயம். சேலம் எங்கேயோ கீழே கிடந்தது. 

அடுத்த வளைவில் டிரெய்லர் ஒரு ஆட்டம் ஆடியது. மாமனார் என்னைப் பார்க்காமல், பவுனுவின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார். “பவுனு, பயமா இருந்தா அந்த ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கச் சொல்லு.”

நானும் பவுனுவைத்தான் பார்த்தேன். “பவுனு, கம்பி கையோடயே வந்துருச்சுன்னு மாமாகிட்டச் சொல்லு.”

“அப்படின்னா இந்தப் பக்கத்துக் கயித்தப் புடிச்சுக்கச் சொல்லு.”

“மாமா நொம்ப ஓரமா நிக்குறாங்க, கதவுத் தாழு ஆடுது, உள்ள தள்ளி வரச் சொல்லு பவுனு.”

பவுனு ஒரு காதை அவர் பக்கமும் ஒரு காதை என் பக்கமும் திருப்பிக் கேட்டுக்கொண்டது. என் கணவரைவிட நாணயமான தபால்காரி. அவர் நடுவில் தன் சொந்தக் கருத்தைச் சேர்ப்பார். இது ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

மேலே போகப் போகப் பனிமூட்டம் இறங்கியது. ஜன்னலில் ஆகாயமும் போய், வெள்ளையாக ஒரு போர்வை. எங்கே பாதை, எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. சறுக்கும் சத்தமும் இன்ஜின் அலறலும் மட்டும் கேட்டன. ஒரு வளைவில் டிரெய்லரின் ஒரு பக்கத்துச் சக்கரம் ஓரக்கல்லில் ஏறி இறங்கியது. பவுனு கனைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமிப் பெயரையெல்லாம் வரிசை கட்டினேன். செத்தோம் என்றே முடிவு செய்துவிட்டேன். என் பயமெல்லாம், செத்த பிறகும் அத்தை, “அவ ராசி, என் தம்பியையும் சேத்துக் கொண்டுபோயிட்டா” என்பாரே என்பதுதான்.

அப்போது மாமனாரின் குரல் கேட்டது.  “பவுனு, உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். கல்யாணத்துக்கு மொத நாளு மழை பேஞ்சுதல்ல? சீக்கிரமா ஊடு சேரோணும்னு குறுக்கு வழியில, வழுக்குப் பாறை மேல உன்னை ஏத்துனவன் நான்தான். அப்பவே உன் காலு பிசகிருச்சு. எனக்குத் தெரியும். எங்கக்கா புதுப் புள்ளையோட ராசின்னு ஊரெல்லாம் சொன்னப்ப, நான் வாயத் தொறக்கல. அக்காகிட்ட ஏச்சு வாங்கப் பயந்துக்கிட்டுச் சும்மா இருந்துட்டேன். இப்ப உருண்டு போனா இந்தப் பாவத்தோடதான் போவேன்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கோபமும் வந்தது, சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் நான் அடுப்படியில் அழுதது இவருக்குக் கேட்கவில்லையா? கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த முகத்தைக் குதிரையின் காதோரமாக எட்டிப் பார்த்தால், என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தது. அக்காவுக்குப் பயந்த முகம், பள்ளத்துக்குப் பயந்த முகம், எல்லாம் ஒரே முகம்தான். பாவமாகிவிட்டது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நானும் பவுனுவிடம் சொன்னேன். “தேக்குன்னு சொன்னேனே, அது தேக்கா தகரமான்னே எனக்குத் தெரியாது. வண்டியப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது. அடியில குனிஞ்சு பாத்தப்ப அங்க ஒரு கோழிதான் இருந்துச்சு. இதையும் மாமாகிட்டச் சொல்லிரு பவுனு.”

 குதிரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பதறினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “கோழியா?” என்று பவுனுவிடம் கேட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முன்னால் ஹாரன் சத்தம். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பஸ் வளைவின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதைச் சட்டம். மூட்டத்தில் சட்டம் எங்கே தெரியப்போகிறது? கணவர் பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது, பிறகு மெதுவாகப் பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. எங்கள் டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. (நான் பார்த்து வாங்கியதில் பிரேக் எப்படி இருக்கும்?) பின்னால் வெள்ளையடித்த ஓரக்கற்கள். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

பவுனு மிரண்டு பின்வாங்கியது. அதன் பின்புறம் இடித்ததில் பின்கதவின் தாழ் தெறித்து, கதவு தடால் என்று ரோட்டில் விழுந்தது. ஜில்லென்று காற்று உள்ளே அடித்தது. விழுந்த கதவு தார் ரோட்டில் கிழித்துக்கொண்டு போய் எங்கேயோ மாட்டி, வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. பிரேக் இல்லாத குறையைக் கதவு தீர்த்துவைத்தது. ஆனால் இப்போது பவுனுவுக்குப் பின்னால் கதவில்லை. அது இன்னும் நாலு அடி பின்னால் வைத்தால் சரிவில் இறங்கிப் பள்ளத்துக்குப் போய்விடும். இழுத்த இழுப்பில் தடுப்பில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து ஓடியது.

“கண்ணு!” என்று ஒரு அலறல். “கயித்தப் புடி கண்ணு! கை போனாலும் உடாத! நான் பின்னால போறேன்!”

அது குதிரைக்குச் சொன்னது அல்ல. என் கண்ணை நேராகப் பார்த்து எனக்குச் சொன்னது. சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கையை விட்டு வெளித்தாழை நீக்கிக் கீழே குதித்தார். பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிய உரியப் பிடித்தேன். “போகாதடி பவுனு, நீ போனா நானும் போயிருவேன், நம்ம ரெண்டு பேருக்கும் இந்த ஊட்டுல வேற யாரும் இல்லடி” என்று என்னென்னவோ உளறினேன். அது நடுங்கிக்கொண்டே என் தோளில் மூக்கை அழுத்தியது. நகரவில்லை.

பஸ்காரர் பள்ளம் இல்லாத பக்கமாக ஒதுங்கி ஏதோ திட்டிக்கொண்டே கடந்து போனார். எங்கள் நிலைமை அந்த மூட்டத்தில் அவருக்குத் தெரிந்திருக்காது. கணவர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். அப்பாவும் மகனும் சேர்ந்து பின்கதவைத் தூக்கி நிறுத்தினார்கள். தாழ் ஒடிந்துவிட்டது. கட்ட வேண்டும், ஆனால் இருந்த ஒரே கயிறு என் கையில், அதன் முனையில் குதிரை. மாமனார் தோள் துண்டை எடுத்துப் பார்த்தார், எட்டவில்லை. பிறகு ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். என் கணவர், “வேணாமுங்கப்பா” என்றது கேட்டது. அடுத்து வேட்டி உருவப்படும் சத்தம் கேட்டது. நான் பவுனுவின் பிடரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நாலு முழ வேட்டியை முறுக்கிக் கதவை இறுக்கிக் கட்டிவிட்டு, மாமனார் பட்டாப்பட்டி டிரவுசரோடு தீவன அறைக்குள் ஏறினார். பவுனுவின் முதுகிலிருந்த சாக்கை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மீதி வளைவுகள் எப்படிக் கழிந்தன என்று எனக்கு நினைவில்லை. மாமனார் மட்டும் ஒவ்வொரு வளைவிலும், “இன்னும் கொஞ்சந்தான் கண்ணு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் சொன்னார்.

ஏற்காட்டில் வெயில் அடித்தது. அதுதான் எங்கள் கெட்ட நேரம். ஒண்டிக்கடை சந்திப்பில் ஜனம் நிறைந்திருந்தது. டிரெய்லர் ஜன்னலில் வரிசையாக மூன்று தலைகள்: மாமனார், பவுனு, நான். தெரிந்தவர்கள் எல்லாம் எழுந்து கும்பிட்டார்கள். “ஏனுங்க, சாவகாசமா இறங்கி ஒரு டீ சாப்பிட்டுப் போலாமுங்களே” என்றார் ஒருவர். “இல்லீங்க, அவசர வேலை” என்றார் மாமனார், ஒரு கையால் கும்பிட்டு, மறு கையால் சாக்கைப் பிடித்தபடி. என் கணவர் வேண்டுமென்றே மெதுவாகப் போனார் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தார். வேட்டியால் கட்டிய கதவு, சாக்குக் கட்டிய தம்பி, தலைவிரி கோலத்தில் நான். ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நான் அப்பவே சொன்னேன்” என்று தொடங்கினார். “இவ வந்து காலு வெச்ச நேரம்…”

“அக்கா, நிறுத்து” என்றார் மாமனார். அவர் அக்காவிடம் அப்படிப் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. “பவுனு காலை ஒடச்சவன் நான். மழையில வழுக்குப் பாறையில ஏத்துனேன். கல்யாணத்துக்கு முன்னாலயே நடந்தது. இந்தப் புள்ள இன்னிக்குக் கயித்த உட்டிருந்தா குதிரையும் இல்ல, நானும் இல்ல. இனி ராசி கீசின்னு இந்த ஊட்டுல பேச்சு வரக் கூடாது.” சொல்லி முடிக்கும்போது சாக்கு நழுவியது. அத்தை முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். அதனால் மறுபேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த வார்த்தை அதோடு நின்றது. அப்பா பழனியிலிருந்து வந்து டிரெய்லரைப் பார்த்தார். தட்டவில்லை, குனியவில்லை. தள்ளி நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சக்கரத்தைப் பின்னால் மாற்றி, பிரேக்கும் வைத்துக் கொடுத்தார். பவுனு அதில் மாசாமாசம் சேலத்துக்குப் போய்வந்து, கால் தேறி, இன்னும் பல வருஷம் மாமனாரைச் சுமந்தது.

மாமனார் அதற்குப் பிறகு என்னிடம் நேராகவே பேசினார். பேசினார் என்றால் சாதாரணப் பேச்சா? “கண்ணு, ரசத்துல உப்பில்ல”, “கண்ணு, நீ வெச்ச குழம்பு நேத்திக்கு மாதிரி இன்னிக்கு இல்ல.” கதவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கலாமோ என்று எனக்கே சில நாள் தோன்றும். ஆனால் சொல்லச் சங்கடமான எதுவாக இருந்தாலும் இருவருமே லாயத்துக்குத்தான் போவோம். அவருக்கு நெஞ்சு வலி வந்ததை முதலில் அங்கேதான் சொன்னார். என் முதல் கர்ப்பத்தை நானும் அங்கேதான் சொன்னேன். வீட்டில் யாராவது எதையாவது மென்று விழுங்கினால், “போய்க் குதிரைகிட்டச் சொல்லு” என்பது வழக்கமாகிவிட்டது.

இப்போது மாமனாரும் இல்லை, பவுனுவும் இல்லை. போன வருஷம் பெங்களூரிலிருந்து வந்த என் மகன் இரண்டு நாளாகச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். மூன்றாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றான். “அம்மா, ஒரு விஷயம் சொல்லோணும். நம்ம ஊட்டுல இப்பக் குதிரை இல்லையே, யாருகிட்டச் சொல்றது?”

பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர், யார் என்று பத்துக் கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. அடுப்பை அணைத்தேன். முக்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தேன்.

“நான்தான்டா குதிரை” என்றேன். “சொல்லு கண்ணு.”